அந்த வடையைப் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாது

உட்காருங்கள் ஆன்ட்டி, பரவாயில்லை. இந்த மேசை மொத்தமும் எங்களுக்குத்தான். ஆனால் எங்கள் ஆட்கள் வரப் பன்னிரண்டு மணி ஆகும். அதுவரை நான்தான் காவல். அந்த நாற்காலியில் பை, இந்த நாற்காலியில் குடை, மிச்ச இடத்துக்குத் தண்ணீர் டம்ளர். ஞாயிற்றுக்கிழமை திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த ஓட்டலிலும் எட்டுப் பேருக்குச் சேர்ந்தாற்போல இடம் கிடைக்காது. வீட்டிலிருந்து ஒருத்தரை முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் எப்போதும் நான்தான். பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை. வேறு யார் போவார்கள்?

நீங்கள் காபிதானே? நிதானமாகக் குடியுங்கள்.

நான் வாசலையே பார்த்துக்கொண்டு பேசுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றரைக்கு ஒருவர் வர வேண்டும். அவர் வருவது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். இந்த ஓட்டலுக்குள் வந்து முக்கால் மணி நேரமாக ஒன்றுமே வாங்கிச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதோ சாம்பார் வாளியோடு போகிறாரே, மணவாளன் அண்ணன், சப்ளையர், அவருக்கே தாங்கவில்லை. "என்ன பாப்பா, வவுறு சரியில்லையா? இன்னிக்கு எத்தனாவது மாப்பிள்ளை?" என்று கேட்டார். ஏழாவது என்றேன். "அந்த ஆறாவது மனுசன் நல்லாச் சாப்பிட்டாரே, அவரு என்ன ஆனாரு?" என்றார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது.

மாப்பிள்ளை எனக்கு இல்லை ஆன்ட்டி. எனக்குப் பதினேழுதான். எங்கள் அக்காவுக்கு. மங்கையர்க்கரசி. மங்கை என்று கூப்பிடுவோம். நான் திலகவதி. அப்பா வைத்த பெயர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும். அக்காவுக்கு இருபத்தொன்பது. தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வலிக்காமல் ஊசி குத்துவாள். அவளே வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. கெமிஸ்ட்ரி மிஸ் ஒருநாள் ஒரு கணக்கை மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டார்கள். "உங்களுக்கே புரியலையா மிஸ்?" என்று கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானும் போகவில்லை. அவ்வளவுதான். என் குணம் அப்படி. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன், எதிரில் யார் இருந்தாலும் சரி. அதைத்தான் ரொம்ப நாளாகப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்க ஏன் ஓட்டலுக்கு என்று கேட்கிறீர்களா? எங்கள் மண்ணச்சநல்லூர் வீட்டுக்கு முதலில் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டும் ஆகவில்லை. தெருவே வந்து விசாரித்தது. எதிர் வீட்டு அம்மா ஒருத்தி ஒரு மாதம் முழுக்க, "மங்கைக்கு என்னாச்சு, ஏதாச்சும் சேதி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் அப்பா முடிவு செய்தார், இனிமேல் எல்லாம் ஓட்டலில். ஏதோ சாப்பிட வந்த இடத்தில் பார்த்துக்கொண்ட மாதிரி. அமைந்தால் சரி, அமையாவிட்டால் கை கழுவிவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறிவிடலாம். "அடடே, நீங்களா! வாங்க வாங்க" என்று அப்பா நடிப்பார் பாருங்கள், பக்கத்து மேசைக்காரர்கள் நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

அதற்கு முன்னால் எங்கள் குடும்பம் ஓட்டல் வாசலை மிதித்ததே இல்லை. ஓட்டல் சாம்பாரில் சோடா உப்பு போடுகிறார்கள் என்று அப்பாவுக்குச் சந்தேகம். நான் நெய் ரோஸ்ட் சாப்பிட்டதே அக்காவின் முதல் ஓட்டல் மாப்பிள்ளை வந்த அன்றைக்குத்தான். கூம்பு மாதிரி நிற்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த மாப்பிள்ளை முகம் எனக்கு ஞாபகம் இல்லை, ரோஸ்ட் ஞாபகம் இருக்கிறது.

அக்காவுக்கு அம்மா சட்டம் போட்டிருந்தாள். "ரெண்டு இட்லி, அதோட நிறுத்திக்க. தோசை வேணாம், பிச்சுத் திங்கிறப்ப பசியோட வந்த பொண்ணு மாதிரி தெரியும். சாம்பார ஊத்திக் குழைக்காத. தண்ணிய அண்ணாந்து குடி." எனக்குச் சட்டம் கிடையாது. நான் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம், என்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

நானும் அக்காவும் ராத்திரி படுத்துக்கொண்டு அவர்களுக்கெல்லாம் பெயர் வைப்போம். என்ன சாப்பிட்டார்களோ அதுதான் பெயர். ஓட்டலுக்கு வந்த முதல் ஆள் ஆனியன் ரவா. இரண்டாவது மினி டிபன், அவனுக்குப் பதிலாக அவன் அம்மாவே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். மூன்றாவது வெறும் காபி. அவர்கள்தான் எங்களை வேண்டாம் என்றார்கள், நிறம் கம்மியாம். நான்காவது சாம்பார் வடை. ஐந்தாவது பூரி. பூரி எப்படிப்பட்டவன் என்றால், மேசை துடைக்கிற அம்மா கை பட்டு டம்ளர் சாய்ந்ததும், "கண்ணு தெரியலையா, அறிவில்ல?" என்று கத்தினான். எங்களைப் பார்த்ததும் உடனே சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "திலகா, நீ சொல்லு. நீதான் மூஞ்சிக்கு நேரா பேசுறவ." நான் வேண்டாம் என்றேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பூரி, வேலை செய்கிற இடத்தில் யாரையோ அடித்துவிட்டு மாட்டிக்கொண்டதாகத் தரகர் வந்து சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஜட்ஜ். "திலகா பாத்துச் சொல்லட்டும்." ஒருவன் சாப்பிடுகிற விதத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று நானும் நம்பிவிட்டேன்.

ஆறாவதாக வந்தவர் பெயர் பாலமுரளி. துறையூர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. இந்த ஓட்டல்தான், இதோ அந்தத் தூண் பக்கத்து மேசை. அவர்கள் வீட்டில் டிபன் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கே சந்திக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல போட்டுச் சாப்பிடுறதுன்னா பாதி முடிஞ்ச மாதிரிடி" என்றாள். அன்றைக்கு அக்காவுக்கு இட்லிச் சட்டமும் செல்லாது பாருங்கள், சாப்பாடு ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இலைக்கு ஒரு உளுந்து வடை, பால் பாயசம்.

பாலமுரளி நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு தடவை சாம்பார், ஒரு தடவை வத்தக்குழம்பு, அப்புறம் ரசம். மணவாளன் அண்ணனிடம், "போதுங்கண்ணே, எல தாங்காது" என்று சிரித்தார். அக்காவைப் பார்த்து அதிகம் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. ஆனால் அவள் ரசத்தைப் பிசைந்து, கையை வழித்துச் சாப்பிட்டாள். ஓட்டலில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் வடையைத் தொடவேயில்லை. மோர் வந்த பிறகு, கையைக் கழுவிவிட்டு வந்து, கைதுடைக்கிற காகிதத்தை இரண்டாக மடித்து, அதில் வடையை வைத்துச் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பைக்குள், ஆன்ட்டி! வெள்ளைச் சட்டை. எண்ணெய் ஊறி வட்டமாகத் தெரிந்தது.

நான் கேட்டேன். "என்னங்க, வடையப் பையில போடுறீங்க? பார்சல் வேணும்னா கேட்டா கட்டித் தருவாங்கல்ல?"

என் குரல் கொஞ்சம் பெரிசு. அந்தப் பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாலமுரளி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எங்க அண்ணனுக்குங்க. நான் வெளிய சாப்பிட்டா என் எலையிலேருந்து எடுத்துட்டுப் போகணும். பார்சல்ல குடுத்தா வாங்க மாட்டாரு" என்றார்.

அப்பா நிமிர்ந்தார். "அண்ணனா? ஜாதகத்தோட குடுத்த தாள்ல உடன்பிறந்தவங்க இல்லைன்னு போட்டிருந்துச்சே?"

அவர் அம்மா முந்திக்கொண்டு, "பெரியப்பா மகன். ஒண்ணுக்குள்ள ஒண்ணா வளந்ததுங்க. அதான் அண்ணன்னு சொல்றான்" என்றார்கள்.

அங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டு பாயசத்தைக் குடித்திருக்கலாம். "பெரியப்பா மகன் உங்க வீட்லயா இருக்காரு?" என்று கேட்டேன்.

அந்த அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. பாலமுரளி தன் அம்மாவின் கையைப் பிடித்து, "விடும்மா" என்றார். அப்புறம் எங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "சொந்த அண்ணன்தான் சார். சண்முகம். முப்பத்தெட்டு வயசு. பேச்சு அவ்வளவா வராது, தனியா விட முடியாது. வீடு பாக்க வர்றப்ப நானே உங்ககிட்டச் சொல்றதா இருந்தேன்."

அப்பா வெற்றிலை பாக்கைக்கூட வாங்காமல் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கூடம் நிறைய நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். "திலகா, நீ என்ன சொல்றே?" நான் சொன்னேன். "மறைக்கிற குடும்பம்ப்பா. இன்னிக்கு அண்ணன மறைக்கிறாங்க, நாளைக்கு என்னத்த மறைப்பாங்களோ. வேணாம்." அப்பா தலையை ஆட்டினார். தரகருக்குப் போன் போனது. அக்கா அடுப்படியில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பால் அடுப்பிலேயே இல்லை. அதை அப்போது நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அதிலிருந்து அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. போடவில்லை. சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ராத்திரி படுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த ஆளுக்கு வடை என்று நான் பெயர் வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரம் பொறுத்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, மூன்று வாரமே ஜாஸ்தி. ஒருநாள் அவள் வேலைக்குக் கிளம்புகிறபோது கதவை மறித்துக்கொண்டு, "ஏன் எங்கூட சரியா பேச மாட்டேங்குற?" என்று கேட்டேன்.

"நேரமாச்சு, நகரு."

"சொல்லிட்டுப் போ."

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "அவங்க அண்ணன் விஷயத்த எங்கிட்ட அவரு முன்னாடியே சொல்லிட்டாரு. தரகரு நம்பர் குடுத்த மறுநாளே. பத்து நாள் பேசினோம். காலம் பூரா அண்ணன் எங்கூடத்தான் இருப்பாரு, அது உங்களுக்குச் சரின்னாத்தான் மேல பேசணும்னு சொன்னாரு. நான் சரின்னேன்."

"அப்ப அதை அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னை யாருடி கேட்டா? உன்னைத்தானே கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறாயிற்று. எந்த இடத்திலும் அவளை யாரும் கேட்டதில்லை. எனக்கு அது தோன்றியதும் இல்லை. நான் பாட்டுக்கு நெய் ரோஸ்ட் தின்றுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஏழாவது. பாண்டமங்கலத்துக்காரர்கள். பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள். அக்கா நேற்றே புடவையை எடுத்து வைத்துவிட்டாள். "புடிக்குதோ புடிக்கலையோ, இவங்க சரின்னா நானும் சரின்னுடப் போறேன். உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் எனக்குக் கைகால் ஓடவில்லை. அம்மா தூங்கும்போது அவள் போனில் தரகர் அனுப்பியதைத் தேடி, அந்த நம்பரை எடுத்துப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னேன். "நாளைக்குப் பதினொன்னரைக்கு அதே ஓட்டலுக்கு வர முடியுமா? அக்கா வரச் சொன்னா" என்றேன். "மங்கையா சொன்னாங்க?" என்றார். ஆமாம் என்றேன். நான் பொய்யே சொல்ல மாட்டேன் ஆன்ட்டி, கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். "வர்றேன்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் வந்ததும் இங்கே உட்கார வைத்துவிடுவேன். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வருவார்கள். பாண்டமங்கலத்துக்காரர்களும் வரட்டும், எனக்கென்ன? எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தப்பு என் மேல், இவர்தான் அக்காவுக்குப் பிடித்தவர் என்று சொல்லிவிடப் போகிறேன். அப்பா அறைந்தால் அறையட்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. ஒன்றை விட்டுவிட்டேன். சொல்லிவிடுகிறேன். நீங்கள் காபியைக் குடித்துவிட்டுப் போகப் போகிறவர்கள், உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

அன்றைக்கு அவர் வடையைக் காகிதத்தில் சுற்றுவதற்கு முன்னால், அக்கா தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவர் இலை ஓரத்தில் வைத்தாள். யாரும் பார்க்காதபோது, ஒரு வார்த்தை இல்லாமல். அவரும் நன்றி கின்றி சொல்லவில்லை. இரண்டு வடையையும் சேர்த்துத்தான் சுற்றினார். நான் பார்த்தேன். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, இவர்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே பேசிக்கொண்டவர்கள், வடை யாருக்கென்று அவளுக்குத் தெரியும் என்று. எங்கள் அக்கா எனக்குத் தெரியாமல் ஒரு விஷயம் வைத்திருக்கிறாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் கேட்டேன். வடை பைக்குள் போனது விசித்திரமாக இருந்ததால் இல்லை. எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டால் அப்புறம் எங்களை யார் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்? அன்றைக்குக் கூடத்தில் வேண்டாம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், அடுத்த தடவை வேறு ஓட்டலாக இருந்தால் பரோட்டா சாப்பிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். நேர்மையாம், ஜட்ஜாம்.

என்ன கேட்டீர்கள்?

அக்காவிடமா?

இல்லை. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று... அவளுக்கு நல்லதுதானே செய்கிறேன் ஆன்ட்டி? அவளுக்குப் பிடித்தவரைத்தானே...

ஐயோ.

நீங்கள் சொல்வது சரிதான். அவள் படியேறி வருவாள், எட்டுப் பேர் முன்னால் நான் எழுந்து நிற்பேன், மறுபடியும் எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்ப்பாள். அதேதான். அதையேதான் மறுபடியும் செய்யப் பார்க்கிறேன்.

மணி என்ன? பதினொன்று இருபத்தைந்தா? இருங்கள், போன் போடுகிறேன். இந்நேரம் ஆட்டோவில் வந்துகொண்டிருப்பார்கள். அம்மா பக்கத்தில் இருப்பாள். இருந்தாலும் போடுகிறேன். நீங்கள் எழுந்து போகாதீர்கள், கொஞ்சம் இருங்கள்.

அக்கா? நான்தான். இல்ல, டேபிள் இருக்கு. டேபிளெல்லாம் இருக்கு. நீ ஒண்ணும் பேசாம கேளு. அவர வரச் சொல்லியிருக்கேன். அவருதான், துறையூரு. ஆமா. நானாத்தான் கூப்பிட்டேன். நீ சொன்னதாச் சொல்லிட்டேன். தப்புதான். தெரியும். இப்ப என்ன செய்யட்டும், நீ சொல்லு. நீ வேணாம்னா வாசல்லயே நின்னு, நான் பொய் சொன்னேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சிடுறேன். அப்பாகிட்டக் குடு, நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?

ம்.

சரி.

சரிக்கா.

வைத்துவிட்டாள்.

முதலில் ஆட்டோ சத்தம்தான் கேட்டது ஆன்ட்டி. அப்புறம் சொன்னாள், "அப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நீ சொன்ன வரைக்கும் போதும். அவரு வந்தா உக்காரச் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. நான் வந்து பேசிக்கிறேன்." அம்மா, "யாரு, யாரு?" என்று கேட்கிற சத்தம் கேட்டது. அதற்கு அக்கா, "எனக்கு வந்த போனும்மா" என்றாள்.

சந்தோஷமா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. அவரைச் சரி என்று சொல்லப் போகிறாளா, நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்லி முடிக்கப் போகிறாளா, அதுவும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அதோ. நீலச் சட்டை. அவர்தான். கல்லாப்பக்கம் நின்று பார்க்கிறார். கூட யாரோ... கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஆன்ட்டி, அவருடைய அண்ணன். அண்ணனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறார் பாருங்கள், தூணில் இடித்துக்கொள்ளப் போகிறார்.

எனக்கு எவ்வளவோ சொல்ல வேண்டும் ஆன்ட்டி. மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும், அக்கா அன்றைக்குப் பால் இல்லாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டும். ஒன்றும் கூடாது. அவள் வருகிற வரைக்கும் கூடாது.

அந்தப் பையை இப்படிக் கொடுங்கள். குடையையும். இரண்டு நாற்காலி வேண்டும்.

உக்காருங்க. ரெண்டு பேரும் உக்காருங்க.